24 நாளில் மெசையா: கொஞ்சம் பட்டறைக் கணக்கு

டிசம்பர் நெருங்கினால் நாகர்கோவில், மார்த்தாண்டம் சர்ச்சுகளில் குவயர் பிராக்டிஸ் களைகட்டும். கூடவே ஒரு வசனமும் வரும்: "ஹாண்டல் 24 நாளில் மெசையா எழுதினார், அது மனுஷ வேலையே இல்லை."

மனுஷ வேலைதான். மெசையா கிறிஸ்துவைப் பற்றிய பாட்டுகளைக் கோத்த நீண்ட படைப்பு, ஹாண்டல் அதன் இசையமைப்பாளர். தேதிகளை அவரே பிரதியில் குறித்திருக்கிறார். 1741 ஆகஸ்ட் 22-ல் தொடக்கம். முதல் பாகம் 28-ல் முடிகிறது, இரண்டாவது செப்டம்பர் 6, மூன்றாவது 12. அப்புறம் இரண்டு நாள் வெறும் நிரப்பல். முக்கியக் குரலையும் பேஸையும் (அடியில் ஓடும் கீழ்ச்சுர வரி) முதலில் எழுதிக்கொண்டு ஓடுவார். நடுப் பார்ட்டுகள் பிறகுதான். ஹார்ப்சிகார்டு என்ற பழைய கீபோர்டு வாத்தியத்துக்குத் தனியாக எழுதுவதே இல்லை. பேஸ் சுரத்தோடு 6 என்று போட்டால், அதற்கு மேல் ஆறாவது சுரத்தைச் சேர்த்துக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடிப்பது வாசிப்பவர் பாடு. டிரம்பெட்டும் டிரம்மும் சில பாட்டுகளுக்கு மட்டும். பாடல் வரிகளையும் சார்லஸ் ஜென்னன்ஸ் வேதாகமத்திலிருந்து தொகுத்துக் கொடுத்துவிட்டார்.

மெட்டும் எல்லாம் புதிதல்ல. அதே வருஷம் ஜூலையில் எழுதிய இத்தாலியக் காதல் டூயட் ஒன்றுதான் மெசையாவில் 'ஃபார் அன்டு அஸ் எ சைல்ட் இஸ் பார்ன்' ('ஏனெனில் நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்') என்ற பாட்டானது. (காதல் பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டான கதையை குவயர் மாஸ்டர்கள் சொல்வதில்லை!) ஒட்டுப்போட்ட இடம் காதில் தட்டும். இத்தாலியத்தில் முதல் சொல் 'நோ', அதாவது 'மாட்டேன்'. அதை ஓங்கிச் சொல்லலாம். ஆங்கிலத்தில் அந்த அழுத்தம் 'ஃபார்' என்ற ஒன்றுமில்லாத சொல்லில் போய் விழுகிறது. அவசரத்தின் விலை இதுதான், பெரிய விலை இல்லை.

நம் பக்கமும் இதே கணக்குதான். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி சிலை திருவனந்தபுரம் போகிறது. அங்கே ஒன்பது நாளும் பாடுவது திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள். 33 வயதில் மறைந்தவர், 400 சொச்சம் உருப்படிகள் அவர் பெயரில் இருக்கின்றன. சங்கராபரணம், கல்யாணி, தோடி என்று ராகம் வழி காட்டும்; பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கட்டும் தயார். திறமை முழுவதும் நிரப்புவதில் செலவாகும். வெள்ளைத் தாளை வெறித்துப் பார்க்கும் நேரம் மிச்சம். 'புதுசு, புதுசு' என்று உயிரை விடும் நமக்குத்தான் வருஷத்துக்கு ஒரு பாட்டு தேறுவதில்லை.

குவயர் மாஸ்டர்களுக்கு ஒன்று: அந்த 'ஃபார்'-ஐ சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பெண்குரல்) குத்திப் பாட விடாதீர்கள். லேசாகத் தொட்டு, 'சைல்ட்' நோக்கிச் சாயச் சொல்லுங்கள். ஒட்டு தெரியாது.