பவுல் கேட்ட புத்தகம்

டீச்சர்: சபை நூலகப் பதிவேட்டில் இந்த வருஷம் ஓர் ஆண் பெயர்கூட இல்லை அண்ணாச்சி. பவுலே புத்தகம் கேட்டு எழுதியிருக்கிறார்!

அண்ணாச்சி: எழுதியே கொடுத்துவிட்டானா? மேலத்தெரு பவுல்ராஜ்தானே? கணக்குப் புத்தகமெல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

(போன கமிட்டியில் அண்ணாச்சிதான் பொருளாளர்.)

டீச்சர்: ஜெயிலில் இருந்து எழுதினார்.

அண்ணாச்சி: உள்ளேயே போய்விட்டானா! சேகரத் தேர்தல் நேரத்தில் நல்ல செய்தி சொன்னீர்கள்.

டீச்சர்: கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியையும் கேட்கிறார்.

அண்ணாச்சி: கார்ப்பா? வாக்காளர் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லையே! பவுல்ராஜ் கள்ள ஓட்டுச் சேர்த்துவிட்டானா?

டீச்சர்: பைபிளில் இரண்டாம் தீமோத்தேயு, 4ஆம் அதிகாரம், 13ஆம் வசனம்.

அண்ணாச்சி: ஓ... அந்தப் பவுலா! எனக்கு வேதம் ஒன்றே போதும் டீச்சர். வேறு புத்தகம் எதற்கு?

டீச்சர்: அதைத்தான் இப்போது பார்த்தோமே.

அண்ணாச்சி: தினமும் காலையில் குரூப்பில் வசனம் போடுகிறேனே?

டீச்சர்: நேற்றுப் போட்டது சங்கீதம் 156. மொத்தமே 150தான்.

அண்ணாச்சி: பவுல்ராஜ் அனுப்பியது! அவன்மேல்தான் புகார் கொடுக்க வேண்டும்.

டீச்சர்: ஆதாம் ஏவாளின் மகன் காயீன் யாரைக் கல்யாணம் செய்தான் என்று உங்கள் மகன் கேட்டானாமே?

அண்ணாச்சி: அது பெண் வீட்டு விஷயம், அம்மாவிடம் கேள் என்றேன்.

டீச்சர்: அவன் அம்மா வேத விளக்கவுரை பார்த்துப் பதில் சொன்னார்கள். பையன் இனி உங்களிடம் பைக் சாவி மட்டும்தான் கேட்பான். நம் ஆட்களுக்கும் புத்தகத்துக்கும் பழைய உறவு அண்ணாச்சி. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே 1578இல் கொல்லத்தில் சேசு சபைக்காரர்கள் போட்ட தம்பிரான் வணக்கம். 16 பக்கம். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர், அதுவும் முன்சீப் வேலை பார்த்தவர். உங்களுக்கு மட்டும் நேரமில்லை. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் அணி பிரிக்க நேரம் இருக்கிறது.

அண்ணாச்சி: பவுல்ராஜ் படிக்கிறானா?

டீச்சர்: அவரும் உங்கள் மாதிரிதான்.

அண்ணாச்சி: அப்பாடா!

டீச்சர்: சரி, நூலக அலமாரியைத் திறந்துவிடுங்கள். சாவி உங்களிடம்தானே?

அண்ணாச்சி: தேர்தல் முடியட்டும் டீச்சர். உள்ளே எங்கள் அணி நோட்டீஸ் இருக்கிறது.

டீச்சர்: அதில் இருந்த புத்தகங்கள்?

அண்ணாச்சி: சபை விருந்தில், அசனப் பந்தியில் மேஜை ஆடியது. காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம். அதிலும் அந்த விளக்கவுரை நல்ல கனம் டீச்சர், சாம்பார் ஒரு சொட்டுச் சிந்தவில்லை!