படபடப்பை உணர்வது மூளைதான்

"தொட்டபெட்டா ஏறும்போது வரும் படபடப்பு, இதயம் தானே யோசித்துத் தரும் எச்சரிக்கை, மூளைக்கு அதில் வேலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. அது தவறு. 2,637 மீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனியின் உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. ஏறும் உழைப்பும் சேர, துடிப்பு கூடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனிச் சுவர் விரிவதை வேறு உணரிகள் கவனிக்கின்றன. அந்தச் செய்தி வேகஸ் முதலான நரம்புகள் வழியே மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கும், அங்கிருந்து இன்சுலா என்ற மூளைப் பகுதிக்கும் போகிறது. படபடப்பாக நாம் உணர்வது அதன் பிறகுதான். (வேகஸ் இழைகளில் பெரும்பாலானவை மூளைக்குச் செய்தி கொண்டுபோபவையே. எனக்கு இன்றும் வியப்பு!) இதயத்திலும் நரம்பணுக்கள் உண்டு, அவை தாளத்தைச் சீர்செய்யும், சிந்திக்காது. ஊட்டிக்கு வந்த உறவினருக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால், 'இதயம் பேசுகிறது' என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.