பற்றரி மாற்றத்தானே கேட்டேன்

பற்றரியை மாற்றித் தாருங்கள் என்றுதான் கேட்டேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. விசுவமடுவில் காலை பஸ் பிடித்து, பரந்தனில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் இருக்கிற கடைக்குப் போய்ச் சேர்ந்து போனைக் கண்ணாடி மேசையில் வைத்தால், அந்தத் தம்பி அதைக் கையில் எடுக்கவேயில்லை. ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பழைய மொடல், இதுக்கு இனி பற்றரி வராது, புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார்.

பழைய மொடலாம்! 2021 கடைசியில் வாங்கிய போன். அதை விற்றபோது "அஞ்சாறு வருஷத்துக்கு யோசிக்கத் தேவையில்லை" என்று சொன்னதும் இப்படி ஒரு கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றவர்தான். திரையில் ஒரு கீறல் கிடையாது. கமரா வடிவாக எடுக்கிறது, கதைத்தால் தெளிவாகக் கேட்கிறது. விடிய முழுதாகச் சாஜ் ஏற்றினாலும் பத்து மணிக்குள் செத்துப்போகிறது, அது ஒன்றுதான் அதற்கு வருத்தம்.

"ஓடர் பண்ணி எடுக்க ஏலாதோ தம்பி?"

"எடுக்கலாம் அக்கா, ஆனா ஒரிஜினல் வராது, கொப்பிதான் வரும். அது வீங்கினா எங்களைக் குறை சொல்லக்கூடாது."

"திறந்தாவது பாருங்கோவன்."

"திறந்தா டிஸ்பிளே போயிடும் அக்கா."

நான் கேட்காமலே ஒரு புதுப் பெட்டி மேசைக்கு வந்துவிட்டது. அறுபத்தெட்டாயிரம். தவணைக்கும் தரலாமாம், அடையாள அட்டை இருந்தால் போதுமாம். பற்றரி இல்லை என்று சொன்ன அதே வாய் அடுத்த பத்து நிமிடம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கதைத்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். அங்கேயும் இதே கதை.

என் பழைய போனை முப்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினேன். அப்போது டொலர் இருநூறு ரூபாய்க்குக் கிட்ட இருந்தது. 2022இல் ரூபாய் விழுந்த விழுகையில் முந்நூற்றறுபதைத் தாண்டி, பிறகு இறங்கியும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 சனவரியிலிருந்து போனுக்கும் 18 வீத வற் வரி. எனக்கு அதே அளவில்தான் கச்சான் (நிலக்கடலை) விளைகிறது, தையலுக்கும் அதே கூலிதான் வருகிறது. சீட்டுக் காசு வரும்போது கிணற்றுக்கு மோட்டர் வாங்குவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். இப்போது என் வீட்டுக்காரர் "போனை எடு, மோட்டரைப் பிறகு பார்ப்போம்" என்கிறார். பிள்ளையின் பாடம், வீட்டுவேலை எல்லாம் வட்ஸ்அப்பில் வருகிறது, வங்கிச் செயலியோ இந்தப் போனில் இனி இயங்காது என்று போன மாதமே கைவிரித்துவிட்டது. போனுக்கு அப்டேட் வருவதும் நின்று எவ்வளவோ நாளாகிவிட்டது. எல்லாப் பக்கத்தாலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, "புதுசு எடுக்கிறதும் விடுகிறதும் உங்கட விருப்பம் அக்கா" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்த முதல் கடையில் நடந்த இன்னொன்றுதான். போன் மெதுவாக ஓடுகிறதே, அதையாவது பாருங்கள் என்றேன். அந்தத் தம்பி ஒரு நிமிடம் தட்டிப் பார்த்தார். "ஸ்ரோரேஜ் நிறைஞ்சு போச்சு அக்கா. உந்தப் படங்களை எல்லாம் அழிச்சு விட்டா நல்லா ஓடும்."

உந்தப் படங்களை!

2009 போரில் நாங்கள் இடம் இடமாக ஓடி முல்லைத்தீவுக் கடற்கரையில் மாத்தளன் வரைக்கும் போனபோது, அம்மா ஒரு பையில் அல்பம் இரண்டையும் சுற்றி வைத்திருந்தா. அந்தப் பை எந்த இடத்தில் விடுபட்டது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவின் படம் என்று இருப்பது அடையாள அட்டையைப் பெருப்பித்து எடுத்த ஒன்றுதான். அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்தா. அவ கச்சான் உடைத்துக்கொண்டு சிரிக்கிறதும், பேரனுக்குச் சோறு தீத்துகிறதும், முறிகண்டிக் கோயிலடியில் நிற்கிறதும் எல்லாம் இந்தப் போனுக்குள் இருக்கிறது. வன்னியில் இருந்துகொண்டு ஒருவர் இன்னொருவரிடம் படத்தை அழி என்று சொல்லக்கூடாது. அந்தத் தம்பிக்கு இருபது வயதுதான் இருக்கும், அவருடைய வீட்டிலும் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

சரி, வேறு எங்காவது போட்டு வைக்கலாம் என்றால், கூகுள் படங்களை அளவில்லாமல் இலவசமாக வைத்திருந்த காலம் 2021 யூனில் முடிந்துவிட்டது. மின்னஞ்சல், கோப்பு எல்லாம் சேர்த்து 15 ஜிபி, அதற்குமேல் மாதாமாதம் காசு. எங்கள் வளவில் சிக்னல் வேண்டுமென்றால் கிணற்றடிக்குப் போக வேண்டும், அத்தனை படத்தை அங்கே நின்று எப்படி ஏற்றி முடிப்பது? அவர் காட்டிய புது மொடலில் மெமரி கார்ட் போட இடமும் இல்லை. பெட்டிக்குள் சாஜரும் இல்லை, அதற்கு வேறாகக் காசு கட்டட்டாம்.

பிரான்சில் இருக்கிற மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் 20 முதல் சந்தைக்கு வருகிற போன்களின் பற்றரி, 800 தடவை சாஜ் ஏற்றிய பிறகும் 80 வீதம் தாங்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு மொடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு முக்கியமான உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும். ஐந்து வருடமாவது அப்டேட் கொடுக்க வேண்டும். அதே கம்பனிகள்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே சட்டம் வந்ததும் செய்ய முடிகிறதை இங்கே செய்ய என்ன கேடு? நாங்கள் கொடுக்கிற காசு காசில்லையா? ஆடி ஆவணியில் கச்சான் காற்று என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிறபோது நிழலிலேயே 35 பாகைக்கு மேல் கொதிக்கிற இடம் இது. இந்தச் சூட்டில் பற்றரி கெதியாகக் கெட்டுப்போகும் என்று செய்கிறவர்களுக்குத் தெரியும். மாற்றுப் பற்றரி முதலில் வரவேண்டிய ஊர் எங்களுடையது.

நான் புதுசு எடுக்கப் போவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் பற்றரி தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அங்கேயும் ஒரு நாள் அலைந்து பார்க்கிறேன். அதுவரை வயரைக் குத்தியபடியே சுவரோடு சாய்ந்து நின்றுதான் கதைக்க வேண்டும், இதையும் அப்படி நின்றுதான் எழுதுகிறேன், கை சுடுகிறது.

அங்கே பாருங்கள், நான் இதை எழுதி முடிப்பதற்குள் கச்சானுக்குள் மயில் இறங்கிவிட்டது, ஒன்றில்லை, ஏழெட்டு. விதைத்ததைக் கிளறித் தின்கின்றன. நாள் முழுக்க வெடி கொளுத்தினாலும் பக்கத்து வளவுக்குப் பறந்து போய்த் திரும்பி வருகின்றன. இதை யாரிடம் போய்ச் சொல்ல?