ஒரு சொட்டுச் சாமானைக் கரண்டியால் அள்ளியவர்களுக்கு

பிறந்தநாள் வீட்டில் ஒரு தம்பி என் உறைப்புச் சோஸை மேசைக்கரண்டியால் அள்ளி வாயில் போடுகிற அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்க்காதவர்கள் இருப்பதாகவும் தெரியவில்லை. லண்டனில் இருக்கிற மச்சாள் விடியப்புறம் அழைத்து, "இது உன்ரை போத்தல்தானே, மூடியிலை உன்ரை எழுத்து இருக்கு" என்று கேட்கிற தூரத்துக்கு அது போய்விட்டது. ஓம், என் போத்தல்தான். என் மாம்பழச் சோஸ்தான். பிறந்தநாள் வீட்டில் ரோல்ஸோடு தொட்டுக்கொள்ளட்டும் என்று நான் ஆசையாகக் கொடுத்துவிட்டது.

"மல்லாவி விஷம்" என்று எங்கள் ஊர்ப் பெயரோடு வீடியோவுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழே சிரிப்புப் பொம்மைகள். அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு, பார்த்தேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இது சொட்டுச் சாமான். கொடுக்கும்போது வாயால் சொன்னேன், மூடியில் "ஒரு சொட்டு" என்று எழுதியும் ஒட்டினேன். அந்த எழுத்தைக் கமராவுக்குக் காட்டி, வாசித்து, சிரித்துவிட்டுத்தான் அந்தத் தம்பி மேசைக்கரண்டியை எடுக்கிறார். பிறகு துள்ளுகிறார், பைப்படிக்கு ஓடுகிறார், தண்ணீரை மொண்டு மொண்டு குடிக்கிறார். மிளகாயில் உறைப்பைத் தருகிற கப்சைசின் தண்ணீரில் கரையாது, தம்பி. அது கொழுப்பில்தான் கரையும். மேசையில் தயிர்ச் சட்டி இருந்தது, வீடியோவிலேயே தெரிகிறது. பெருங்காயத்தைக் கட்டியாகக் கடித்துவிட்டுச் சாம்பார் கூடாது என்கிற கதைதான் இது.

நான் போடுவது நைமிரிஸ் மிளகாய். கிணற்றடியில் அரைநிழலில் நிற்கிற செடி. வெளிநாட்டுக்காரர் கொண்டாடுகிற ஹபனேரோ, ஸ்கொட்ச் பொனெட் எல்லாம் அதே இனம்தான். சாதாரணப் பச்சைமிளகாயில் இல்லாத ஒரு பழ மணம் அதில் இருக்கிறது. வெட்டி மூக்கருகே கொண்டு போனாலே தெரியும். அந்த மணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். உறைப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் செத்தல் மிளகாயை இடித்து வினாகிரியில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

எப்படிச் செய்கிறேன் என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையில்தான் உறைப்பில் பெரும்பகுதி. விதையில் என்று சொல்வார்கள், விதைக்கு அது பக்கத்தில் இருந்து பட்டதுதான். வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் மணம் நிற்கும், உறைப்புப் பாதி இறங்கும். மிளகாயோடு உள்ளி, கொஞ்சம் கரட், எல்லாவற்றின் நிறையிலும் நூறு கிராமுக்கு மூன்று கிராம் உப்பு. கண்ணாடிப் போத்தலில் அமுக்கி, தன் நீரிலேயே தாழ்ந்து நிற்கிற மாதிரி வைத்துப் புளிக்க விடவேண்டும். எங்கள் வெயிலுக்கு ஒரு கிழமையில் நுரைத்து அடங்கிவிடும். மூடியைத் தினமும் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விடுங்கள், இல்லாவிட்டால் குசினிச் சுவர் சிவக்கும். மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் பயமில்லை, வழித்து எறியலாம். பஞ்சுமாதிரி, பச்சையாக, கறுப்பாகப் பூத்தால் போத்தலோடு கொட்டுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

பழத்தை முதலே போடக்கூடாது. பழச்சீனி கள்ளு மாதிரிப் பொங்கிக் கெடுத்துவிடும். மிளகாய் புளித்த பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சதையும் வினாகிரியும் சேர்த்து அரைத்து, கொதிக்க வைத்து, சூட்டோடு போத்தலில் அடைக்க வேண்டும். அடுப்பு வெளியே இருக்கட்டும், ஆவி அடித்தால் வீட்டில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். புளிப்பை அளக்கிற பிஎச் தாளில் 4.6 என்பதுதான் எல்லைக்கோடு, அதற்கு மேலே போனால் உயிராபத்தான கிருமி வளரலாம். நான் 4க்குக் கீழே இறங்கும்வரை வினாகிரி விடுவேன். அதோடு குளிர்சாதனப் பெட்டியில்தான் வைப்பேன். "விஷம்" என்று எழுதினவருக்கு இந்தத் தாள் என்னவென்றே தெரிந்திருக்காது.

பாலைப்பழத்திலும் செய்து பார்த்தேன். சீசனில் ஏ9 வீதி ஓரமாகக் குவித்து விற்கும்போது யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது சும்மா இனிப்பு, புளிப்பே இல்லை, பால் வேறு சட்டியிலும் உதட்டிலும் ஒட்டும், மிளகாய் மணத்தையும் அமுக்கிவிடும். பாலைப்பழத்தைப் பாலைப்பழமாகவே தின்னுங்கள். விளாம்பழம் வேறு கதை. கறுப்பாக, புளிப்பாக, சர்க்கரை கொஞ்சம் சேர்த்தால் சுட்ட மீனுக்கு அதை அடிக்க ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு சொட்டுத்தான்.

சரி, இனி ஞாயம் கதைக்க வருகிறவர்களுக்கு.

"எங்களுக்குச் சம்பல் காணாதா, இந்த வெளிநாட்டுக் கூத்து எதுக்கு?" என்கிறார் ஒரு அண்ணை. அண்ணை, மிளகாயே அமெரிக்கக் கண்டத்துச் சாமான். போர்த்துக்கேயர் கொண்டுவந்து தரும்வரை எங்கள் ஆட்கள் மிளகோடுதான் மல்லுக்கட்டினார்கள். அப்புறம் பழத்தில் உறைப்புப் போடுவது எந்த வெளிநாட்டுப் பழக்கம்? பஸ் நிலையத்தில் அன்னாசித் துண்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தந்தால் நீங்கள் வாங்கித் தின்பதில்லையா? அதையே நான் அரைத்துப் போத்தலில் விட்டால் கூத்து.

"வயிற்றுப் புண் வரும்." வயிறு சரியில்லாதவர்கள் சாப்பிடாதீர்கள். அவ்வளவுதான்.

"அக்கா விளம்பரம் தேடுறா." இதற்குத்தான் எனக்கு நித்திரை வரவில்லை. நான் விற்பதே இல்லை. காசுக்கு ஒரு போத்தல் கொடுத்ததாக ஒருத்தர் வந்து சொல்லட்டும். மாம்பழம் என் மரத்தில், மிளகாய் என் கிணற்றடியில், வினாகிரிக்கும் போத்தலுக்கும் என் காசு. விளம்பரம் தேடுகிறவள் மூடியில் "ஒரு சொட்டு" என்று பயமுறுத்தியா எழுதுவாள்? அந்த வீடியோவுக்கு எத்தனை பார்வை என்று எண்ணிக்கொண்டு இருப்பது யார்?

"சின்னப் பிள்ளையள், பகிடிக்குச் செய்தது, விடுங்கோ அக்கா." விடலாம்தான். பகிடி எனக்கும் விளங்கும். ஆனால் இந்தச் சவால் பகிடியில்தான் 2023இல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸில் 14 வயதுப் பிள்ளை ஒன்று, அதீத உறைப்புச் சிப்ஸ் ஒன்றைத் தின்ற பிறகு செத்துப்போனது. அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயக் குறையும் இருந்தது என்று பிறகு வந்தது. யாருக்கு எந்தக் குறை உள்ளே இருக்கிறது என்று கரண்டியை நீட்டுகிறவருக்குத் தெரியுமா? அந்தச் சிப்ஸை விற்ற கம்பனியே கடைகளில் இருந்து திருப்பி எடுத்தது. இங்கே நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

உறைப்பு நாக்கின் சுவையே இல்லை. சூட்டை உணர்கிற நரம்பு வாசலைத்தான் கப்சைசின் திறந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். குருவிக்கு அந்த வாசல் கப்சைசினுக்குத் திறக்காது, அதுதான் அவை பழத்தைத் தின்று வேலியெல்லாம் விதைத்துவிட்டுப் போகின்றன. உறைப்பை அளக்க 1912இல் முறை கண்ட ஸ்கோவில் கூட மிளகாயை வாய்க்குள் கொட்டி அளக்கவில்லை. சாற்றைச் சீனித் தண்ணீரில் கரைத்து, கரைத்து, உறைப்பு மறையும் இடத்தைத்தான் பார்த்தார். அந்தக் கணக்கில் ஹபனேரோ 100,000 முதல் 350,000 ஸ்கோவில் அலகு வரை. வீரம் காட்டத்தான் வேண்டுமென்றால் 2023இல் கின்னஸில் ஏறிய பெப்பர் எக்ஸ் மிளகாய் இருக்கிறது, 2,693,000. அதைத் தேடிப் போங்கள். என் கிணற்றடிச் செடி அதற்குக் கிட்டவும் நிற்காது.

இன்னொன்று. இதே தம்பிமார் கிளிநொச்சியில் பீட்சா வாங்கி டபாஸ்கோ மிளகாய்ச் சோஸ் விடுவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டித் தட்டிச் சொட்டுச் சொட்டாக. 1868இல் இருந்து சொட்டாக விற்கிற சாமான் என்றால் மரியாதை வருகிறது. மல்லாவியில் ஒரு பொம்பிளை செய்தால் மேசைக்கரண்டி. வித்தியாசம் உறைப்பில் இல்லை, லேபிளில் இருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு மிளகாயைப் பகிடி பண்ண எப்படி மனம் வருகிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அப்பா விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்தவர். 1970இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிய காலத்தில் இந்த மண்ணில் மிளகாய்க் காசில் கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள், கலியாணம் நடந்தது. 1977க்குப் பிறகு கப்பலில் மலிவாக வந்து இறங்க அதே தோட்டக்காரர் கடன்பட்டார்கள். சாக்கை விரித்துச் செத்தல் காயப்போட்டால் தெருவில் போகிறவர் தும்மிக்கொண்டு போவார். அந்தத் தும்மலுக்கு ஒருத்தரும் விஷம் என்று பெயர் வைக்கவில்லை.

2009இன் முதல் மாதங்களில், யுத்தத்தின் கடைசியில், நாங்கள் கடற்கரைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த நாட்களில், அம்மா ஒரு செத்தல் மிளகாயை நூலில் கட்டிப் பருப்புக்குள் இறக்குவா. கொதித்ததும் தூக்கி, காயவைத்து, அடுத்த நாளும் அதையே இறக்குவா. "ஒரு சோஸ் கதைக்குள் இதை ஏன் இழுக்கிறீர்கள், அனுதாபம் தேடவா?" என்று எழுத வருவீர்கள், தெரியும். இழுப்பேன். ஒரு கரண்டி சோஸை வாயில் போட்டு மண்ணில் துப்புகிற அந்த இடத்தை நான் பார்க்கிறபோது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. உங்களுக்கு வராது, நீங்கள் அப்போது மடியில் இருந்த பிள்ளைகள். உங்கள் தாய்மாருக்கு வரவேண்டும். அவர்களும் அல்லவா அந்த வீடியோவில் பின்னால் நின்று சிரிக்கிறார்கள்.

மாம்பழச் சோஸ் இந்த வருசத்துக்கு முடிந்தது. விளாம்பழத்தில் கொஞ்சம் இருக்கிறது, கேட்கிறவர்கள் வெறும் போத்தலோடு வாருங்கள், தருவேன். அந்தப் பிறந்தநாள் வீட்டுக்கு மட்டும் இல்லை. என்ன மாமி முறை என்றாலும் இல்லை. கீழே வந்து "அன்ரிக்கே உறைச்சிட்டுது போல" என்று எழுதுகிறவர்களை ப்ளொக் பண்ணுவேன், முதலே சொல்லிவிட்டேன்.