செக்டிஸ்க் ஓட்டினால் பேட் செக்டார் ரிப்பேர் ஆகாது

"செக்டிஸ்க்கை ஆர் போட்டு ஓட்டுங்க, பேட் செக்டார் எல்லாம் போய் டிஸ்க் புதுசாயிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. செக்டிஸ்க் (chkdsk) என்பது விண்டோஸில் டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை; ஆர், எஃப் என்பவை அதோடு சேர்த்துக் கொடுக்கும் /r, /f. பேட் செக்டார் என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம்.

திடீரென்று கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு) குழம்பியிருந்தால் செக்டிஸ்க் சரிசெய்யும். அதற்கு எஃப் போட்டாலே போதும். ஆர் செய்வது வேறு. டிஸ்க் முழுக்கப் படித்துப் பார்த்து, கெட்டுப்போன இடத்தில் கிடைத்ததை மீட்டு, அந்த இடத்தை இனி பயன்படுத்தாதே என்று குறித்து வைக்கும். அவ்வளவுதான். கெட்ட இடம் கெட்டதாகவே இருக்கும்.

முதலில் ஸ்மார்ட் (SMART) விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைப் பாருங்கள், அதற்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். 05 (கெட்டதால் மாற்றப்பட்ட செக்டார்கள்), சி5 (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் செக்டார்கள்) என்ற இரண்டு வரிகள்தான் முக்கியம். (அதில் எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) வரும், அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.) அந்த எண்கள் ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தாலோ, செக்டிஸ்க் பக்கமே போகாமல் முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஆர் ஓட்டினால் மணிக்கணக்கில் அதை வதைப்பதுதான் மிச்சம். அப்புறம் உங்கள் ஃபைல்கள், செக்டிஸ்க் உருவாக்கும் ஃபவுண்ட்.000 ஃபோல்டரில் பெயர் தெரியாத துண்டுகளாகக் கிடக்கலாம்.