போர்வெல்லில் தண்ணீர் இருந்தால்தான் கோ-5
பத்து சென்டில் கோ-5 கம்பு நேப்பியர் புல் நட்டால் இரண்டு மாட்டுக்கு வருடம் முழுக்கத் தீவனக் கவலை இல்லை என்கிறது இங்கே வந்திருக்கும் மாட்டுத் தீவனக் கட்டுரை. பாசனம் உள்ளவருக்குச் சரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 360 டன்; அப்படிப் பார்த்தால் பத்து சென்டில் நாளுக்கு ஏறக்குறைய 40 கிலோ வரும். ஆனால் அது தண்ணீரும் உரமும் குறையாமல் கொடுத்தால் வருகிற கணக்கு. எங்கள் சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் பங்குனி பிறந்தாலே போர்வெல் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். பாக்குக்கு விடுவதா, புல்லுக்கு விடுவதா என்று வந்தால் வீட்டில் எல்லோரும் பாக்குப் பக்கம்தான்! கோடையில் மாடுகளைக் காப்பாற்றுவது மானாவாரியில் விதைத்து, அறுத்து, காயவைத்து, வைக்கோல் போர் மாதிரி அடுக்கி வைத்த சோளத்தட்டு. அதில் புரதம் குறைவுதான். வரப்பில் நிற்கும் அகத்தியும், புரதம் நிறைந்த தீவனச் செடியான வேலிமசாலும் அதை ஓரளவு ஈடுகட்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் மாவுச்சத்து, புரதத்துக்கு உதவாது. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் மரவள்ளி இலையை மாட்டுக்குப் பச்சையாகவே போடலாம் என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அதில் சயனைடு நஞ்சு உண்டு, வறட்சியில் வாடிய செடியில் இன்னும் கூடும். நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தால் பெருமளவு குறையும், அதையும் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். பூக்காத இளஞ்சோளத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. கட்டுரையாளர் மானாவாரி நிலத்தில் ஒரு கோடை விளைச்சலையும் சேர்த்துக் காட்டியிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.