கொட்டகைக்குள் மீட்டரைத் தூக்கிக் காட்டினால் போதுமா?

இரண்டு நாட்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பண்ணைகளிலிருந்து வெளியேறும் வாயுக்களை அளக்கும் நானும் பார்த்தேன். நெதர்லாந்தின் பால்பண்ணை ஒன்றில் கைக்கருவியை உயர்த்திப் பிடித்து, "அமோனியா வெறும் 2 பிபிஎம், இதற்கா இத்தனை கூப்பாடு?" என்று கேட்கிறார் அந்த நண்பர். அவர் காட்டியது செறிவு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் இரண்டு பங்கு அமோனியா; பேசுவதோ உமிழ்வைப் பற்றி, அதாவது கொட்டகையிலிருந்து மொத்தம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பற்றி. பக்கத் திரைகள் முழுக்கத் திறந்திருப்பது காணொளியிலேயே தெரிகிறது. காற்று அள்ளிக்கொண்டு போனதை விட்டுவிட்டு உள்ளே மிஞ்சியதை மட்டும் அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

உள்ளே உள்ள செறிவிலிருந்து வெளிக்காற்றின் செறிவைக் கழித்து, அதை மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று கொட்டகையைக் கடக்கிறது என்பதோடு பெருக்கினால்தான் உமிழ்வு கிடைக்கும். மின்விசிறி வைத்த கோழிப்பண்ணையில் விசிறியிலேயே காற்றை அளந்துவிடலாம். மாட்டுக் கொட்டகையில் காற்று தன் இஷ்டத்துக்கு நுழைந்து வெளியேறுகிறது. ஆகவே மாடுகளின் எடை, கறக்கும் பால், சினைக்காலம் ஆகியவற்றைக் கொண்டு அவை வெளிவிடும் கரியமில வாயுவைக் கணக்கிட்டு, அது கொட்டகைக் காற்றில் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதிலிருந்து காற்றோட்டத்தை மதிப்பிடுகிறோம். அமோனியாவோ, காற்றை அளவுக்கருவிக்குக் கொண்டுவரும் குழாயின் சுவரில் ஒட்டும், ஈரம் கண்டால் கரைந்துவிடும். ஒரு ஜனவரியில் எங்கள் டெஃப்லான் குழாயைச் சூடாக்கும் கம்பி ஓரிடத்தில் அறுந்து, உள்ளே நீர்முத்துகள் கோத்துக்கொண்டன. திரையில் அமோனியா ஏறக்குறைய பூஜ்யம். அதைக் காணொளியாக எடுத்திருந்தால் நானும் பிரபலமாகியிருப்பேன். அந்தத் தரவைக் குப்பையில் போட்டோம்.

உங்கள் கணக்கிலும் பிழை வரம்பு உண்டே என்பார்கள். உண்டு, அதையும் சேர்த்தே எழுதுகிறோம். அவர் எழுதினாரா?

இப்படிச் சொன்னதற்குக் கிடைத்த விவசாயிகளுக்கு எதிரி என்ற பட்டம்தான் வலிக்கிறது. நெதர்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2019 மே 29 அன்று, அமோனியா போன்ற நைட்ரஜன் உமிழ்வுக்கு அனுமதி வழங்க அரசு பயன்படுத்திய நைட்ரஜன் திட்டத்தை ரத்து செய்த பிறகு அங்குள்ள பண்ணையாளர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். உமிழ்வைக் குறைக்கும் என்று அரசு அங்கீகரித்த கொட்டகைத் தரையைக் கடன் வாங்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். பண்ணைகளில் உண்மையாக அளந்தபோது பல தரைகள் சொன்ன அளவுக்குக் குறைக்கவில்லை. 2022-இல் நீதிமன்றமும் அந்த எண்களை நம்பி அனுமதி தர முடியாது என்றது. தவறான அளவீடு முதலில் கவிழ்ப்பது பண்ணையாளரைத்தான். இதைச் சொல்கிற நான் எதிரி, 2 பிபிஎம் காட்டியவர் தோழர்!

"மாட்டுக் குசுவை அளக்கவா வெளிநாடு போனாய்?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாட்டின் மீத்தேனில் பெரும்பகுதி இரைப்பையில் உருவாகி ஏப்பமாக வாய்வழியே வருகிறது. அமோனியா மாட்டுக்குள்ளிருந்து வருவதே இல்லை. சிறுநீரின் யூரியாவைச் சாணத்தின் நொதி தரையில் வைத்துச் சிதைக்கும்போது எழுகிறது. வெயில் ஏறினால் அதுவும் ஏறும் என்பதால்தான் ஆண்டு முழுவதும் பரவலாக அளக்கிறோம். கேலி செய்கிறவர்கள் குறைந்தபட்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றாவது தெரிந்துகொண்டு கேலி செய்யலாம். அந்த வரிக்கு முதல் சிரிப்புக் குறியைப் போட்டவர் என் சித்தப்பா. வீட்டில் நான்கு மாடு வைத்திருக்கிறார்.